மைக் சிங்காரத்தைப் பிடிக்காத ஒரே விமர்சனம்

– இன்னொரு தடவ படிம்மா காஞ்சனா. அந்த முதல் வரிய.

– காடியப் பாத்து ஓட்டுங்கப்பா. முன்னால மோட்டர் சைக்கிள் போகுது.

– மோட்டர நான் பாத்துக்கிறேன். நீ போனப் பாரு. படி.

– "'மைக் சிங்காரம்' தொடரில் காளிதாசன் நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்."

– கேட்டியா? எத்தன வருசமா மேடையில நிக்கிறேன். ரேடியோ, டிவி, கல்யாணம், கோயில் திருவிழான்னு! எனக்கு நடிக்கத் தெரியலையாம்!

– தெரியலன்னு சொல்லலப்பா. நடிக்கலன்னுதான்...

– ரெண்டும் ஒண்ணுதான்லா!

– ஒண்ணு இல்லன்னு நினைக்கிறேன். சரியாத் தெரியல.

– பேப்பர்ல அரைப் பக்கம் போட்டான். கோலாலம்பூர்ல ஒரு பொண்ணு, வெளிநாட்டு சீரியல் பத்தியெல்லாம் எழுதுற பொண்ணு, "சிரிச்சுக்கிட்டே இருந்தேன், திடீர்னு என் சிரிப்பே எனக்குப் பிடிக்கல, அதுதான் இந்த சீரியலோட வெற்றி"ன்னு எழுதியிருக்கா. டீக்கடை ஜக்கரியா பாய் தே தாரிக்குக் காசு வாங்க மாட்டேங்கிறாரு. இந்த ஒரு ஆளு மட்டும்! பேரு கூட இல்ல. "பார்வையாளன்"னு போட்டிருக்கான். யாரு இவன்?

– இத்தன பேரு நல்லா சொன்னத விட்டுட்டு, இத ஏன்ப்பா தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க?

– நல்லா சொன்னது ஒண்ணும் மனசுல நிக்கல. இதுதான் சட்டைக்குள்ள எறும்பு பூந்த மாதிரி ஓடுது. நீ கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ள, யாருன்னு கண்டுபிடியேன்.

– அப்படியெல்லாம் கண்டுபிடிக்க முடியாதுப்பா. ஸ்டேரிங்கத் தட்டாதீங்க. பாசார் மாலாம் கடையெல்லாம் ரோட்டுல போட்டுட்டாங்க, வண்டி நகரவே இல்ல. நான் இங்கயே இறங்கி நடக்கட்டுமா? கிளாஸுக்கு லேட்டாயிடும்.

– உக்காரு. உன் அக்கவுண்ட்ஸ் கிளாஸ் எங்கயும் ஓடிடாது. உன் மோட்டர் ஒர்க்‌ஷாப்புல கிடக்கிறதாலதான் நீ இன்னிக்கு என் கையில மாட்டின. மேல படி.

– "அவர் குடிபோதையில் தள்ளாடுகிறார். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. நாமும் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். நான் இரண்டு முறை பார்த்தேன். என் கருத்து தவறாக இருக்கலாம். ஆனால் இரண்டாம் பாகம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

– வேண்டாமாம்! கேட்டுக்கிறானாம்! நாளைக்கு நான் கோலாலம்பூர் போய் சைன் போடணும். வேணாம்னு சொல்ல இவன் யாரு?

– நானும்தான் வேணாம்னு சொன்னேன்.

– நீ வீட்டுல சொல்ற, அது வேற. இவன் ஊருக்கே சொல்றான்.

– வீட்டுல சொன்னப்ப கேட்டீங்களா?

– ஆரம்பிச்சிட்டா!

– ஷூட்டிங்ல நிஜமாவே குடிச்சீங்களா இல்லையா?

– டைரக்டர் கேட்டாரும்மா. "அண்ணே, கிளாஸ்ல கோலா ஊத்தினா உங்க முகத்துல தெரிஞ்சிடுது"ன்னாரு விக்னேஸ்வரன். கலைன்னா சும்மாவா?

– ஷூட்டிங் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கலை ஓடுச்சே. சுவரைப் பிடிச்சுக்கிட்டு, பாத்ரூம் வாசல்ல படுத்துக்கிட்டு. அம்மாவும் நானும்தான் ஆடியன்ஸ்.

– அதான் விட்டுட்டேன்ல! தீபாவளிக்குக் கூடத் தொடல. நீயே பாத்த.

– பாத்தேன். அதனாலதான் பயமா இருக்கு. மறுபடியும் சிங்காரமா போனீங்கன்னா, திரும்பி யாரு வருவாங்கன்னு தெரியல.

– அட, பின்னால ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான் பாரு! பறந்தாடா போறது? அதெல்லாம் போவேன், அப்பாவா திரும்பி வருவேன். நீ கவலைப்படாத. அந்த ஸ்கூல் கதை ஒண்ணு எழுதியிருக்கான்ல, அதப் படி.

– அது எதுக்குப்பா?

– படி, சொல்றேன்.

– "நான்காம் பகுதியில் பள்ளிப் பரிசளிப்பு விழா. மகளின் பெயரை அழைக்கிறார்கள். குடித்துவிட்டு வந்திருக்கும் சிங்காரம் அவளை முந்திக்கொண்டு மேடையேறுகிறார். பரிசைத் தானே வாங்கிக்கொள்கிறார். கோப்பையைத் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு, மைக்கைப் பிடித்து ஜோக் அடிக்கிறார். மண்டபமே குலுங்கிச் சிரிக்கிறது. மகள் மேடைப் படிக்கட்டில் நிற்கிறாள். இந்த இடத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை."

– நிறுத்து. இப்ப சொல்லு, நீ சீரியல முழுசா பாத்தியா?

– பாத்தேன். ரெண்டு தடவ.

– இந்த சீன் எங்க வருது?

– நாலாவது எபிசோட்லதான்ப்பா.

– நாலாவதுல கல்யாண வீடு. மாப்பிள்ளை மாலையப் பிடுங்கி நானே போட்டுக்குவேன், மைக்கப் பிடிச்சு ஆடுவேன். ஸ்கூலே இல்ல, கப்பே இல்ல. நாங்க அப்படி ஒண்ணு எடுக்கவே இல்லம்மா!

– இல்லப்பா, இருந்துச்சு. பின்னால நீலத் துணி கட்டியிருந்தாங்க. பலூன் கூட ஒண்ணு...

– நடிச்சவன் நான் சொல்றேன், இல்ல... காஞ்சனா? என்ன, முகம் வெளுத்துப் போச்சு? ஏர்கான் அதிகமா?

– ஒண்ணுமில்ல. அவரு தப்பா எழுதிட்டாரு போல. எழுதுறப்ப ஒண்ணோட ஒண்ணு கலந்து போயிருக்கும்.

– நானும் அப்படித்தான் நினைச்சேன். "பாருங்க தம்பி, சீரியலப் பாக்காமலே திட்டுறான்"னு விக்னேஸ்வரனுக்கு அனுப்பினேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அண்ணே, நாம எழுதின எல்லாத்தையும் விட இது நல்லா இருக்கு. அடுத்த சீசன்ல முதல் சீனே இதான்"னுட்டாரு!

– எதை?

– இதைத்தான்! லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், தலையில கப்போட உங்கள் சிங்காரம்! ஆளு நம்மளத் திட்டினாலும் மூளை இருக்கு. எப்படித் தோணுச்சு பாரு. எனக்குத் தோணலையே.

– உங்களுக்கு... எங்கயாவது நடந்த மாதிரி இல்லையாப்பா?

– எங்க நடக்கும்? நான் ஸ்கூல் பக்கம் போனதே ஒரு தடவதான். நாம பெண்டாங் ஊர்ல இருந்தப்ப, நீ ஸ்டாண்டர்ட் சிக்ஸ். ஏதோ விழான்னு கூப்பிட்டு மாலை போட்டாங்க. எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகமில்ல, அன்னிக்கு நல்லா பேசினீங்கன்னு அம்மா சொன்னா.

– அம்மா சொன்னாங்களா?

– ஏன், நல்லா பேசலையா?

– பேசினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

– பின்ன! சரி, அத விடு. விக்னேஸ்வரன் ஒண்ணு கேட்டிருக்காரு, நாளைக்கு பதில் சொல்லணும். அந்தப் பொண்ணு படிக்கட்டுல நிக்கிறால்ல, அதுக்கப்புறம் என்ன செய்வா? இந்த ஆளு அத எழுதாம விட்டுட்டான். சீனோட உயிரே அங்கதான் இருக்காம். அழுவாளா? ஓடிடுவாளா? நீயும் ஒருத்தனுக்கு மகதானே, சொல்லு.

– சிக்னல்ல பச்சை விழுந்திருச்சுப்பா. போங்க.

– அது மறுபடியும் விழும். நீ சொல்லு.

– கை தட்டுவா.

– கை தட்டுவாளா? ச்சே. அவ பரிசு போச்சு, அப்பன் குடிச்சிட்டு மேடையில ஆடுறான். எந்தப் பிள்ளம்மா கை தட்டும்? ஒருத்தனும் நம்ப மாட்டான்.

– எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்கப்பா. என்ன செய்யிறதுன்னு தெரியல. தட்டினேன். அத மட்டும்தான் எழுதாம விட்டேன்.