வாக்காளர் பட்டியலில் சஜிதா மிஸ்

"ஹலோ... சிவசோதி அன்ரியோ? நான் சஜிதா. மிருணாளினியின்ர தமிழ்ப்பள்ளி மிஸ்... ஓம், ஓம், சுகம். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ அன்ரி, நான் லைனில நிக்கிறன்... இல்ல, பிள்ளை குழப்படி ஒண்டும் செய்யேல்ல."

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் வாங்கில் சஜிதா உட்கார்ந்திருந்தாள். ஏற வேண்டிய ரயில் வந்து, கதவு திறந்து, மூடிப் போனது.

"எலெக்சன் ஒஃபிஸில இருந்து கடிதம் வந்திருக்கு. என்னை வாக்காளர் பட்டியலில சேர்த்திட்டினமாம்... ஐயோ அன்ரி, வாழ்த்தாதேங்கோ. நான் சிற்றிசன் இல்ல... ஓம், பதிமூண்டு வருசம்தான். படகில வந்த ஆக்கள் நாங்கள். இன்னும் தற்காலிக விசா... ஓம், எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை.

போன மாசம் வகுப்பில பொம்பிளையளுக்கு எப்பிடி வாக்கு வந்ததெண்டு படிப்பிச்சனான் எல்லோ. சிலோனில முப்பத்தொண்டு, இஞ்ச அதுக்கும் முதல், ஆயிரத்துத் தொளாயிரத்திரெண்டு. ஆனா இந்த மண்ணின்ர ஆதிக்குடிப் பெண்களுக்கு எல்லா இடத்திலயும் கிடைக்க அறுபத்தஞ்சு ஆச்சு... ஓம், ஓம், அந்தப் பாடம்தான். சும்மா வருசத்தைப் பாடமாக்காம, உண்மையான ஃபோமைத் தொட்டுப் பார்க்கட்டும் எண்டு ஆளுக்கொண்டு குடுத்தன். மாதிரிக்கு போர்ட்டில என்ர பேர், பிறந்த திகதி, விலாசம், கையெழுத்து எல்லாம் எழுதினன். அது என்ர பிழை... மிருணா அதை அப்பிடியே தன்ர ஃபோமில பார்த்தெழுதித் தபாலில போட்டிட்டாள். சிற்றிசன் எண்ட பெட்டியிலயும் சரி போட்டு... ஏசாதேங்கோ அவளை. இஞ்ச வோட் போடாட்டி ஃபைன் வரும், மிஸ்ஸுக்கு வந்திடப் போகுதெண்டு பயந்தவளாம். இண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு கேக்கிறாள், கடிதம் வந்ததோ எண்டு.

அந்த ஃபோமில இது நான்தான் எண்டதுக்குச் சாட்சி நீங்கள் அன்ரி... உங்கட கையெழுத்துத்தான், அவளே சொன்னவள்... விளங்குது. பள்ளிக்கூட ஃபோம் எண்டு நினைச்சிருப்பியள். பிள்ளை நிரப்புவாள், காட்டுற இடத்தில நீங்கள் போடுவியள். எங்கட வீட்டிலயும் நான்தானே நிரப்புறனான்.

லோயரோட கதைச்சன். நானே பொய் சொன்னதெண்டுதான் எடுப்பினமாம். அடுத்த மாசம்தான் என்ர விசாவுக்கு முடிவு சொல்லுவினம். நடந்ததை எழுதி நீங்கள் ஒரு கையெழுத்து... இல்ல அன்ரி, உங்களுக்கு ஒண்டும் வராதெண்டு நான் எப்பிடிச் சத்தியம் பண்ணுறது? தெரியாது எனக்கு... இல்ல, அழேல்ல. காலமையில இருந்து கண்ணீரே வரேல்ல."

மறுமுனையில் போன் கை மாறியது.

"மிருணாவோ... சரி, சரி. மன்னிப்புக் கேட்டது காணும்... நீ எழுதப்போறியோ? எழுது. ஆனா முடிச்சிட்டு அம்மாவுக்குத் தமிழில சொல்லு. ஒரு வரியும் விடாதை. பிறகு அவ யோசிக்கட்டும்... அவ மாட்டன் எண்டா மாட்டன்தான். நீ அழுது கையெழுத்து வாங்கக்கூடாது... ஓம், லைனிலதான் நிக்கிறன்."

பத்து நிமிடம் போனது. தூரத்தில் சிறுமி தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்வது கேட்டது. அடுத்த ரயிலையும் சஜிதா போக விட்டாள்.

"...என்னவாம்? ம்ம்... தனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதெண்டதையும் எழுதச் சொல்றாவோ? நீ ஏன் வேண்டாமெண்டு சொல்றாய்?... வெக்கம் உனக்கு. அவவுக்கு இல்ல... ஓம். அவ சொன்ன மாதிரியே போடு... கையெழுத்துப் போட்டிட்டாவோ. தன்ர முழுப்பேரோ... சரி. அப்பிடியே மேசையில வைச்சிருங்கோ. எடுக்க வாறன்."