நிதிநிலை நலம்

ஹலோ... ஹலோ... பூபாலா? ஆங், ராஜமாணிக்கம் தான். மன்றத்துலருந்து பேசுறேன். அஞ்சு தபா அடிச்சேன், எடுக்க மாட்டியா?

... எந்த பஸ்ஸு? ... திருப்பதி பஸ்ஸா! ஆங், போ, போ. மன்றத்து பீரோ சாவிய இடுப்புல சொருவிகினு ஏழுமலையானப் பாக்கப் போறியா? செகரட்டரின்னா இப்டி தான் இருக்கணும்.

... பாவாவாவது ஒண்ணாவது. இப்ப நான் உன் அக்கா புருஷன் இல்ல. மனமகிழ் மன்றத்துக்கு கணக்கு பாக்குற ஆளு. அந்த மரியாதையோட பேசு.

... இன்னா விஷயமா? கதிரவன் விஷயம் தான். நம்ம கேரம் கதிரவன். அரக்கோணம் ஆஸ்பத்திரில படுத்துகினு கீறான். நாளைக்கு காலைல ஆபரேசன், அதுக்குள்ள ஒரு லட்சம் கட்டணுமாம். பொண்டாட்டி வரலட்சுமி மத்தியானத்துலருந்து நம்ம வாசப்படில குந்திகினு கீது. ஒரு காபித்தண்ணி கூட குடிக்கல அது.

... பேங்க்லயா? பேங்க்ல நாலாயிரத்துச் சில்லற. கரண்ட் பில்லுக்கே பத்தாது. நான் கேக்குறது சாமி பணம். பீரோவுல முருகர் படத்தாண்ட மஞ்சத் துணில கட்டி வெச்சிகிற ரெண்டு லட்சம். உறுப்பினர் உசுருக்கு ஆபத்துன்னா எடுக்கலாம்னு தான ராஜவேலு தலைவரா இருந்தப்ப சேத்து வெச்சாரு? இதுக்கு மேல இன்னா ஆபத்து வரணும்?

... கிருத்திகை வரைக்கும் அவுக்கக் கூடாதா? யோவ், மாசாமாசம் தான் கிருத்திகை வருது. ஒரு கிருத்திகைக்காவது அவுத்தியா நீ? கற்பூரம் காட்டுவ. மூட்டைய எல்லார் கண்ணுலயும் ஒத்தி எடுப்ப. சாமி துட்ட எண்ணக் கூடாதும்ப. திரும்பப் பூட்டுவ. ... இரு, நான் பேசிக்கிறேன். எனுக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். உள்ள நோட்டு கீதா, கிழிஞ்ச பேப்பர் கீதான்னு.

... ஆமாய்யா, உன்ன தான் சொல்றேன்! போன வருஷம் மாடி எடுத்த. பையனுக்கு புல்லட்டு வாங்கிக் குடுத்த. எங்கருந்து வந்திச்சி? ... லோனு. ஆங், லோனு. மாட்டிகினவன் எல்லாம் லோனு தான் சொல்லுவான்.

... நாலு பேரு கேக்குறாங்களா? கேக்கட்டும்! ஊரு பணத்துல வயிறு வளத்தவன் எப்டி இருப்பான்னு பஸ்ஸே திரும்பிப் பாக்கட்டும்.

... என் ரிப்போர்ட்டுக்கு இன்னா? ஆமா, மாசாமாசம் நான் தான் எழுதி போர்டுல ஒட்டுறேன். 'நிதிநிலை நலம்'னு. முப்பது வருஷம் அரிசி மண்டில கணக்கு எழுதினவன்யா நான், ஒரு பைசா இடிச்சது கெடையாது. பைலாவுல இன்னா கீது, மறந்துட்டியா? இல்லாத இருப்ப இருக்குன்னு எழுதினவன் கைக்காசு போட்டு அடைக்கணும். அந்த விதிய கொண்டாந்ததே நான் தான். உன்ன மாதிரி ஆளுக்காவ தான் கொண்டாந்தேன்.

... உன் சாவி யாருக்கு வேணும்? ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பியாச்சி. மூட்ட என் மடில கீது. ... ஏன் பதறுற? மடில கனம் கீதா? ... தெய்வக் குத்தமா! திருட்ட விடவா?

இரு, உன்ன ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவுக்குறேன். ... ச்சே, இன்னா முடிச்சுயா இது. கையெல்லாம் குங்குமம். ... ஆங், வருது... வந்திடுச்சி.

... இரு.

... ஆங், நோட்டு தான். பேப்பர் இல்ல. பேங்க் சீட்டு கூட பிரிக்கல. ரெண்டு கட்டு. கட்டுக்கு நூறு, ஆயிரம் ரூபா நோட்டு. ரெண்டு லட்சம் அப்டியே கீது! ரெண்டு லட்சம் சரியா கீது! ... சரிய்யா, சரி, நீ எடுக்கல. சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். உன் பையன் புல்லட்ட நல்லா ஓட்டட்டும். ஆனா ஒரு பொம்பள காத்துகினு கீறப்ப கிருத்திகை கிருத்திகைன்னு சாக்கு சொன்ன பாரு...

... இன்னா? ... ஆயிரம் ரூபா நோட்டுன்னேன். ஏன் கேட்டதையே கேக்குற? ... ஆயிரம் ரூபா...

... ஐயோ.

பூபாலா. லைன்ல கீறியா? ... செல்லாதேய்யா இது. செல்லாம போய் எத்தினி வருஷம் ஆச்சி!

அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணா தானய்யா கியூல நின்னோம்? பஜார் பேங்க்ல, மூணு நாளு. உன் இருவதாயிரம், என் பன்னெண்டாயிரம். எனுக்கு நீ தண்ணி பாட்டிலு வாங்கியாந்த. அந்த மாசமும் கிருத்திகை வந்திச்சே! இந்த மூட்டைய கண்ணுல ஒத்திக்கினமே! ஏன்யா ஒரு வார்த்த சொல்லல நீ?

... ஆங். ... ஆங். நானும் தான் சொல்லல. ... நான் பாத்துப்பேன்னு நீ நெனச்ச. நான் ஒண்ணுமே நெனக்கலய்யா. இது சாமி. துட்டுன்னே தோணல.

... இல்லய்யா, இனிமே எந்த பேங்க்கு வாங்கும்?

... இன்னா சொன்ன? ... பைலாவா. ... ஆங், ஞாபகம் கீது. ... ஆமா. கணக்கு நோட்டுல நீ 'வைத்தேன்'னு தான் எழுதுவ. வெச்சது வெச்சபடி கீது. 'எண்ணிச் சரிபார்த்தேன்'னு எழுதினது நான். மாசாமாசம் நான் தான். ... சிரிக்காதய்யா. சிரிக்காத.

... ஆமா, திருடன்னேன். பஸ்ஸே கேக்குற மாதிரி சொன்னேன். தப்பு தான். ... வயித்தெரிச்சல்ல பேசிட்டேன்யா. ... சரி, கேளு. நகரி ஸ்டாப்புல எறங்கி எதிர் பஸ்ஸ புடி. என் வண்டிய வெச்சி அம்பது பொரட்டுறேன், நீ அம்பது போடு. ராத்திரிக்குள்ள கட்டிடலாம். ... ஏன் முடியாது? ... பூபாலா, பாவா கேக்குறேன்யா. உன் அக்கா புருஷன் கேக்குறேன்.

... இரு, இரு. ... வரலட்சுமி, நீ ஏம்மா உள்ள வந்த? ... இல்லம்மா, அது... அந்த நோட்டுக் கட்ட தொடாத. வெச்சிடும்மா, சொல்றேன்ல...

பூபாலா, ரெண்டு லட்சம் சரியா கீதுன்னு நான் கத்துனது அதுக்குக் கேட்டிருக்கு. கட்ட எடுத்து கண்ணுல ஒத்திகினு அழுவுதுய்யா. நான் இன்னான்னு சொல்லுவேன்? ... ஸ்பீக்கர்ல தான் கீற, நீயாவது ஒரு வார்த்த சொல்லு. ... பூபாலா? ... ஹலோ?

... ஹலோ?