பின்னந்தலையில் இருந்த முகம்

என் பெயர் மார்லா டென்ஹாம். வயது 49. கலிபோர்னியா, லாஸ் ஏஞ்சலஸ், சில்மார் பகுதியில் வசிக்கிறேன். திருமணம் ஆகவில்லை. சினிமா ஒப்பனைக்காக நடிகர்களின் முகத்தில் அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்துக் கொடுப்பது என் தொழில். காணாமல் போன டெக்ஸ்டர் டென்ஹாம் என்பவன் என் உடன்பிறந்த தம்பி. இந்த வாக்குமூலத்தை அதிகாரி ஒகாம்போ கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

டெக்ஸ்டர் ஆறே முக்கால் அடி உயரம், ஒல்லி. ரப்பர் உடம்பை மாட்டிக்கொண்டு பேயாகவும் பிசாசாகவும் நடிப்பதுதான் அவனுக்குப் பிழைப்பு. போன வருடம் பிப்ரவரியில் லங்காஸ்டர் பக்கம் ஷூட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அவன் கார் பாம்டேல் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தது. முந்தின நாள் அவனுக்கும் அவன் மனைவி யெசெனியாவுக்கும் சண்டை. அதனால் கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டான், கோபம் தணிந்தால் வருவான் என்றுதான் அவள் இன்றுவரை நம்புகிறாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவன் போன பிறகு யெசெனியா தனியாக இருக்க வேண்டாம் என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவள் வீட்டில் கூடுவோம். நானும், என் பட்டறையில் வண்ணம் பூசும் ஓட்டிஸும் போவோம். அவள் பொசோலே சூப் வைப்பாள். எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் 'மான்ஸ்டர் பெஞ்ச்' போட்டியைப் பார்ப்போம். ஒப்பனைக் கலைஞர்கள் போட்டி போட்டுப் பூதங்களை உருவாக்குவார்கள், மூன்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், வாரம் ஒருவர் வெளியே போவார்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றிய என் அபிப்பிராயம் இந்த விசாரணைக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். தேவை என்றேன். மூன்று வாரம் ஆகிற வேலைக்கு மூன்று நாள் கொடுத்துவிட்டு, ஓரம் சரியாக ஒட்டவில்லை என்று திட்டுகிற நிகழ்ச்சி அது. நடுவர்கள் வண்ணத்துக்கு மயங்குகிறவர்கள். அடியில் இருக்கும் களிமண் வேலை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. எங்களுக்கு அதைப் பார்ப்பதே திட்டுவதற்குத்தான்.

போட்டியில் ப்ரென்ட் கோல்விக் என்பவனும் இருந்தான். சன் வேலியில் பட்டறை வைத்திருக்கிறான். எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவன் பட்டறைக்கும் டெக்ஸ்டர் கூலிக்கு வேலை செய்திருக்கிறான். ப்ரென்டுக்கு வண்ணம் கைவந்த கலை, மூக்குதான் வராது. அவன் வந்தாலே ஓட்டிஸ் ஆரம்பித்துவிடுவான்.

"ஏய் மார்லா, இந்த வாரம் மூக்கு உருளைக்கிழங்கா, கத்திரிக்காயா?"

"போன வாரம் உருளைக்கிழங்கு. இந்த வாரம் கத்திரிக்காய்தான்."

"மூக்கே இல்லாத பேயா குடுங்கப்பா இவனுக்கு. பொழச்சுப் போகட்டும்."

நடுவர்களும் இரண்டு வாரம் தொடர்ந்து அந்த மூக்குக்காக அவனை எல்லோர் முன்னாலும் கிழித்தார்கள். அதன் பிறகு அரையிறுதி வந்தது. இரட்டை முகம் என்று தலைப்பு கொடுத்தார்கள். அந்தச் சுற்றுக்கு மட்டும் அவரவர் பட்டறையில் இருக்கும் அச்சுகளைக் கொண்டுவரலாம் என்று அனுமதித்தார்கள்.

ப்ரென்டின் மாடலாக வந்த பெண்ணுக்கு முன்பக்கம் சாதாரணப் பறவை முகம். அவள் மேடை நுனிவரை வந்து திரும்பினாள். அவளுடைய பின்னந்தலையில் இன்னொரு முகம் இருந்தது. பொன் நிறம், கண் மூடியிருந்தது. அவள் எங்களைவிட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். அந்த முகம் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியபடியே போனது.

யெசெனியா கையில் இருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "அது டெக்ஸ்" என்றாள்.

ஓட்டிஸ் சிரித்தான். அதன் பிறகு அவனும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். புருவத்தில் நாய் கடித்த தழும்பு இருந்தது. இடது காது மடங்கியிருந்தது. அது டெக்ஸ்டர்தான்.

இது யாருடைய முகம் என்று நடுவர் ஒருவர் கேட்டதற்கு ப்ரென்ட், தன் நண்பர் ஒருவர் போன கோடையில் தன் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து முகம் கொடுத்ததாகச் சொன்னான். கோடை என்றால், காணாமல் போய் நாலைந்து மாதம் கழித்து. யெசெனியா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உயிரோட இருக்கான் மார்லா! பாவி, உயிரோடதான் இருக்கான்! சன் வேலிக்கு வரத் தெரியுது, வீட்டுக்கு வர வழி தெரியல பாரு அவனுக்கு!"

"வரட்டும், நான் ஒதைக்கிறேன்" என்றான் ஓட்டிஸ். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

எனக்கும் அந்தச் சில நிமிடங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை எழுதிக்கொள்ளும்படி அதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு நடுவர்கள் அருகே போய்ப் பார்த்தார்கள். ஒருவர், "ப்ரென்ட், கடைசில மூக்கு செஞ்சுட்டீங்க! உள்ள வரைக்கும் தத்ரூபமா இருக்கு!" என்றார். கேமரா மூக்கின் அருகே போனது. துவாரம் உள்ளே ஆழம்வரை தெரிந்தது. என் சந்தோஷம் அதோடு போய்விட்டது. யெசெனியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் போனது என்று கேட்கப்பட்டதற்குச் சொல்கிறேன். முகத்தில் அச்சு எடுக்கும்போது பல் டாக்டர் பயன்படுத்துகிற மாதிரியான பசையை முகம் முழுக்க ஊற்றுவோம். கண், வாய், காது எல்லாம் மூடிவிடும். மூக்குத் துவாரத்தை மட்டும் மூட மாட்டோம், அந்த ஆள் மூச்சு விட வேண்டும். அதனால் உயிருள்ள யாருடைய அச்சிலும் துவாரத்துக்குள் ஒன்றும் பதியாது. பிளாஸ்டர் காய்ந்த பிறகு நாங்களே கத்தியால் குடைந்து ஒப்பேற்றுவோம். சன் வேலியில் இருந்து பர்பேங்க் வரை எந்தப் பட்டறையில் பார்த்தாலும் மூக்குக்குள் கத்தி வேலைதான் இருக்கும்.

அந்த வாரச் சனிக்கிழமைவரை பொறுத்திருந்து, மதியம் ப்ரென்டின் பட்டறைக்குப் போனேன். அவன் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்தான். நான் சிரித்த முகமாகவே பேசினேன்.

"டெக்ஸ் எப்படி இருந்தான், ப்ரென்ட்?"

"நல்லாத்தான் இருந்தான். கொஞ்சம் எளச்சிருந்தான். எங்க தங்கியிருக்கேன்னு சொல்லல. நானும் நோண்டிக் கேக்கல."

"எங்க உக்கார வெச்சு எடுத்த?"

"இதோ, நீ உக்காந்திருக்கியே, இதே நாற்காலிதான்."

"அவன வெச்சு அச்சு எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடும். பாடுவான், தும்முவான், நடுவுல விரலைக் காட்டிக் கிண்டல் பண்ணுவான். உன்னையும் படுத்தினானா?"

"சேச்சே. ஆடல, அசையல. எனக்குக் கெடச்சதுலயே அவன்தான் நல்ல மாடல்" என்றான்.

சொன்ன பிறகு என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதன் பிறகு நான், இவ்வளவு நல்ல மூக்கை இந்த ஊரில் யாரும் எடுத்ததில்லை, யெசெனியாவுக்காக ஒரு பிளாஸ்டர் தர முடியுமா என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது. அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்து, கழுத்துப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தான். அதைத்தான் இன்று மேஜைமேல் ஒப்படைத்திருக்கிறேன்.

காரில் உட்கார்ந்து பார்த்தேன். கன்னத்துச் சதை காதுப் பக்கம் வழிந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குச் சதை தாடைக்கு இறங்கும். இது மல்லாக்கப் படுத்திருந்தவனுடைய முகம். பசை விழும்போது யாராக இருந்தாலும் இமையை இறுக்குவார்கள். இதில் இமை இறுகவில்லை. சுண்டு விரலை மூக்குத் துவாரத்தில் விட்டேன். கத்தி பட்டதற்கு அடையாளம் இல்லை. உள்ளே மூக்கு மயிர் பதிந்த கோடுகள்கூட இருக்கின்றன. பசை உள்ளேவரை போயிருக்கிறது. போய், இறுகும்வரை அங்கேயே இருந்திருக்கிறது.

ஸ்ட்ரா வைத்து மூச்சு விடச் செய்திருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். ஸ்ட்ரா வைத்தால் துவாரம் உருண்டு விரியும், அதன் தடமும் விழும். இதில் இல்லை. வாயால் மூச்சு விட்டிருக்கலாமே என்றார். வாய் முழுக்க மூடிய அச்சு இது, உதட்டில் இடைவெளி இல்லை என்று காட்டினேன். அதிகாரியும் தன் விரலை விட்டுப் பார்த்தார்.

இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் காட்டுவானா என்று கேட்கப்பட்டதற்கு, எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். இரண்டு வாரம் மூக்குக்காக அவமானப்பட்டவன் வீட்டில் அப்படியொரு மூக்கு இருந்தால், அவனால் சும்மா இருக்க முடியாது. பொன் வண்ணம் பூசினால் ஆள் தெரியாது என்று நினைத்திருப்பான். வண்ணத்தின்மேல் அவனுக்கு எப்போதுமே அபார நம்பிக்கை. என் தம்பி எப்படிச் செத்தான், அதில் ப்ரென்டின் கை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி சொல்லவும் மாட்டேன். இந்த அச்சு எடுக்கப்பட்டபோது அவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

யெசெனியா இப்போது இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். டெக்ஸ்டர் தங்கியிருக்கும் விலாசத்தை போலீஸ் மூலம் வாங்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தலைக்குச் சாயம் போட்டு, அவனுடைய கம்பளிச் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருக்கிறாள். அவளிடம் தானே சொல்வதாக அதிகாரி சொன்னார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

இதில் நான் பார்த்ததையும் தொட்டதையும் தவிர வேறெதையும் சேர்க்கவில்லை. எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக இருந்தது. இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டேன், வாசித்தார்கள். மூன்றாவது முறையும் கேட்டேன். திருத்தம் ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இல்லை, கையெழுத்துப் போட்டால் எழுந்து வெளியே போக வேண்டும், அதனால்தான் என்றேன். அவர் மறுபடி முதலில் இருந்து வாசித்தார்.

(ஒப்பம்) மார்லா டென்ஹாம்