எந்நேரமும் ஒரே சூடு

மூதூர் போகும் லாஞ்சிப் படகுக்காக இறங்குதுறையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் துறைமுகத்தில் வேலை செய்யும் இருவர். தொப்பி போட்ட பெரியவர்தான் கதையைத் தொடங்கினார்.

“காய்ச்சல் இல்லாத மனுசனுக்கு ஏன் தம்பி நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா காய்ச்சல் பாக்கச் சொல்லுறாங்கள்?”

“உடம்புக்குள்ள ஒரு மணிக்கூடு ஓடுதாம், காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் இளையவர். “இரவு வேலை அதுக்கு ஒத்துவருமா எண்டு துறைமுக டொக்டர் ஆராய்ச்சி செய்யிறார்.”

“சும்மா கதை. வேலை நேரத்தில ஆர் நித்திரை கொள்ளுறான் எண்டு பிடிக்கத்தான். நான் பிடிபடுவனா? காய்ச்சல் பாக்கிற குழாயை வாயில வைக்கவே இல்லை. சூடு எழுதத் தந்த அட்டை முழுக்க ஒரே சூட்டை எழுதிக் குடுத்திட்டன்.”

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப அந்த ஆள் நீங்களா, காக்கா?”

“எந்த ஆள்?”

“இரவில எல்லாருக்கும் உடம்புச் சூடு இறங்குதாம். ஒராளுக்கு மட்டும் இறங்கேல்லயாம். அவருக்கு இரவும் பகலும் ஒண்டுதான் எண்டு டொக்டர் எழுதிக் குடுத்திட்டார். வாற மாதத்திலயிருந்து அந்த ஆளுக்கு நிரந்தரமா இரவு வேலையாம்.”

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“போய் டொக்டரிட்ட உண்மையைச் சொல்லுங்கோவன்.”

“நானா வந்து பிடிபடுறதுக்குத்தான் அவங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள்,” என்றார் பெரியவர்.