இலைக்காம்பில் இரண்டு கடுகு

எங்கள் கட்டிடத்துக்குள் ஈரக் குடையோடு யாரும் வரக் கூடாது. நீங்கள் விசாரிக்க வந்த அன்று, யாரும் சொல்லாமலே குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு வந்தீர்கள். உங்களிடம் பேசலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

உள்ளே இருப்பவை எல்லாம் காய்ந்த செடிகள், இரண்டு லட்சத்துக்கு மேல். அழுத்தி, உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, மூலையில் சீட்டு எழுதி இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருக்கிறோம். செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் யார் எல்லாம் சீட்டில் இருக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். நூறு வருஷத்து வேலை ஒரே மழைக்காலத்தில் போய்விடும். முப்பத்தொரு வருஷமாக அதற்குக் காவல் நான்.

புதர்ச் செடிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது என் வேலை. ஒரு கூட்டத்தைப் பேரினம் என்போம். கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்: ஒரே கூரை, ஒரே சாயல், உள்ளே ஆயிரம் புகைச்சல். மஞ்சள் பூப் பூக்கிற புதர்களில் அப்படி ஒரு பெரிய பேரினம் உண்டு. நூற்றுப்பத்து வகை, அத்தனையும் விஷம். அடையாளம் சுலபம். இலைக்காம்பின் அடியில், கடுகைவிடச் சின்னதாக, இரண்டு சுரப்பிகள் இருக்கும்.

மலைச்சரிவில் வளரும் ஏழு புதர்களையும் முன்பு அதில்தான் சேர்த்திருந்தார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நான் எங்கள் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஏழிலும் சுரப்பி இல்லை. ஏழையும் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தேன். புதிய பேரினம், சுரப்பி இல்லாததால் விஷமும் இல்லாதது. அப்படிப் பிரித்தவரின் பெயரைச் செடியின் பெயருக்குப் பின்னால் எழுதுவது எங்கள் துறை வழக்கம். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி அச்சான கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே நேரத்துல ஏழா? வளத்து ஆளாக்கிடுவீங்களா?" என்று கிண்டல் செய்தாள். அவள் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது அந்த ஏழுதான் எனக்கு.

பசையக்காவை உங்களுக்குப் புகைப்படத்தில்தான் தெரியும். செடிகளைத் தாளில் ஒட்டுகிற வேலை அவருடையது. கட்டிடம் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான், காவலாளி முதல் இயக்குநர் வரை. கை அவ்வளவு சுத்தம். பூவின் ஒரு மகரந்த இழைகூட உடையாது. கணவர் விட்டுவிட்டுப் போனவர். மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்து, என் மேஜைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது மேடம் வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. மரபணுவைப் பார்த்துச் செடிகளுக்குள் யார் யாருக்கு உறவு என்று சொல்கிறவள். ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஏழும் அந்தப் பழைய பேரினத்துக்குள்ளயே போய் உக்காருது. மலைக்குப் போய்ப் பச்சையா ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்றேன்."

"போய்ட்டு வாம்மா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மலைக்குப் போனாள். வியாழக்கிழமை பெயர்ப் பட்டியலைத் திருத்தும் குழு கூடுவதாக இருந்தது. சேர்த்துவிட்டால் என் பேரினம் செல்லாத பெயர்களின் கூட்டத்தில், பொடி எழுத்தில், புத்தகத்தின் கடைசிக்குப் போய்விடும். யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் பசையக்காவின் மகள் வந்தாள். கையில் ஒரு கிளை. மஞ்சள் பூப் புதரின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் முழங்கால் வலி போகும் என்று யாரோ பசையக்காவுக்குக் கைபேசியில் அனுப்பியிருக்கிறார்கள். எந்த மஞ்சள் பூ என்பதெல்லாம் அனுப்பியவருக்குக் கவலையில்லை. மகள் வேலை விஷயமாக மலைக்குப் போனவள் ஒரு கட்டு ஒடித்து வந்திருக்கிறாள். பசையக்கா விவரமானவர். எங்கள் நிறுவனம் போட்ட புதர்ச் செடிகள் கையேட்டை எடுத்து, மலையில் வளரும் என் பேரினம் விஷமில்லை என்று பார்த்த பிறகுதான் குடித்திருக்கிறார். கையேட்டை எழுதியது நான்.

"மாமா, விடிகாலையிலேர்ந்து வாந்தி நிக்கல. கண்ணு மங்குதுங்கறாங்க. என்ன செடின்னு உங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு டாக்டர்."

"உக்காரும்மா, பாத்துச் சொல்றேன்," என்று கிளையை உள்ளே எடுத்துப் போனேன். ஏழு இலைகள் இருந்தன. ஒவ்வொரு காம்பின் அடியிலும் இரண்டிரண்டு சுரப்பிகள், பளபளவென்று.

அப்போதே டாக்டரின் அழைப்பும் வந்தது. பொறுமையான மனிதர். "பழைய பேரினத்துச் செடின்னா ஒரு ஊசி இருக்கு சார், இன்னிக்குள்ள போட்டாகணும். ஆனா அந்த விஷம் ஒடம்புல இல்லாதவங்களுக்குப் போட்டா இதயமே நின்னுடும். அதான் உங்க வார்த்தைக்குக் காத்திருக்கேன்."

பத்து நிமிடம் கேட்டேன். எழுதிக் கொடுக்கும்போது கிளையின் படத்தையும் இணைப்பது முறை. மெல்லிய இடுக்கியால் பதினான்கு சுரப்பிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு படம் எடுத்து, கீழே என் பேரினத்தின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"

"முப்பத்தொரு வருஷமா பாக்கறேன் டாக்டர்."

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். பசையக்காவின் உதடெல்லாம் வெடித்திருந்தது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "செடிய நீங்களே பாத்தீங்களாமே சார். அப்ப பயமில்ல," என்று சொல்லிவிட்டு, மகளிடம் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். டாக்டர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி இன்னொரு தடவை கேட்டார். அந்தப் பேரினத்தில் விஷம் இருப்பதாக இதுவரை பதிவே இல்லை என்றேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு கிடையாது. உடம்பு தேறிவிடும் என்று நானும் நம்பினேன். வியாழன் வரைக்கும் இரண்டே நாள்தானே என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை மதியம் அவர் இறந்தார்.

மறுநாள் குழு கூடியது. முதலில் பசையக்காவுக்காக எழுந்து நின்று மௌனம் காத்தோம். புது மேடம் மலையிலிருந்து நேராக வந்தவள், அழுதுகொண்டே ஈரத்துணியைப் பிரித்துப் பச்சைக் கிளைகளை மேஜையில் வைத்தாள். லென்ஸே தேவைப்படவில்லை. நான்கு நிமிடத்தில் என் ஏழையும் பழைய வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். நானும் கை தூக்கினேன். இன்னும் முப்பது வருஷத்தில் இவள் சேர்த்ததை வேறொருத்தி வந்து பிரிப்பாள், அதற்கும் நாலு பேர் கை தூக்குவார்கள். யார் பெயரும் நிற்கப்போவதில்லை. இதை அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே யோசித்திருக்கலாம்.

தெரியாமல் நடந்த தவறு என்று எங்கள் இயக்குநர் உங்களிடம் சொன்னாராம். நல்ல மனிதர். ஆனால் அது அப்படியில்லை. கட்டுரை அச்சாகி இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு நாள், பசையக்கா ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார், இந்த மலைச்செடி காயக் காய, காம்புலேர்ந்து கடுகாட்டம் என்னமோ உதிருதே. அதையும் சேத்து ஒட்டணுமா?" என்று கேட்டார். காய்ந்ததை மட்டுமே பார்த்துப் பேரினம் பிரித்தவனுக்கு அந்தக் கேள்வி போதும். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. "தட்டி விட்டுடுங்கக்கா," என்றேன். பத்தொன்பது வருஷமாக அவர் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அலமாரியில் கிடைத்த அந்தக் காகித உறையை ஏன் எரிக்கவில்லை என்று கேட்டீர்கள். ஒடிந்த துணுக்கு எதையும் நாங்கள் எறிவதில்லை. உறையில் போட்டு, சீட்டு எழுதி, உரிய இடத்தில் வைப்போம். அந்தப் பதினான்கையும் அப்படித்தான் வைத்தேன். தேதி, இடம், எடுத்துவந்த பெண்ணின் பெயர், பச்சைக் காம்பிலிருந்து நான் பிரித்தெடுத்தவை என்ற குறிப்பு, எல்லாம் என் கையெழுத்து. செடியின் பெயர் என்ற இடத்தில் என் பேரினத்தை நான் எழுதவில்லை. பழைய பேரினத்தின் பெயரைத்தான் எழுதினேன், குழு கூடுவதற்கு மூன்று நாள் முன்பே, அந்தப் பெண் வெளியே உட்கார்ந்திருந்தபோதே. ஊசி போட்டிருந்தால் அவள் அம்மா பிழைத்திருப்பார், அது தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். டாக்டருக்குக் கொடுத்தது வெறும் கடிதம், அது வேறு. இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சீட்டில்கூட நான் பொய் எழுதியதில்லை. அதையும் கூடவே எழுதிக்கொண்டால் நன்றாக இருக்கும்.