நேர்ந்துவிட்ட கோழி

நீடாமங்கலம் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். முன்பின் பழக்கமில்லாதவர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"எங்க கோழிக்குக் கொரோனாங்க."

என் கை தானாக மூக்கை மூடியது.

"விளையாடாதீங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மாட்டு டாக்டரே சொன்னாரு. இது வேற வகையாம், மனுசனுக்கு ஒட்டாதாம். கொர்ரு கொர்ருன்னு இழுக்குது. முட்டை ஓடெல்லாம் சுருங்கிப் போச்சு."

"தடுப்பு மருந்து போடலையா?"

"போட்டோம். அது பழைய கிருமிக்காம். இது மாறி மாறிப் புதுசா வந்ததாம், மேற்கேயிருந்து ஊர் ஊரா பரவுதாம். எங்க வயலு குத்தகைத் தகராறுல கோர்ட்டுல கிடக்கு. ஊர்ல ரெண்டு அரசியல் கட்சிக்காரங்களும் பேசிப் பாத்தாச்சு, தீரல. கோழிதான் சோறு போட்டுச்சு. பாதி செத்துருச்சு."

"சாமிக்கு நேந்துக்கலையா?"

"போன வாரந்தான் காளியம்மன் கோயில்ல ஒரு கருப்புக் கோழிய உயிரோட விட்டேன்."

பக்கத்தில் இருந்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"கால்ல மஞ்சத்துணி கட்டியிருந்தீங்களா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோயில் ஏலத்துல நான்தான் எடுத்தேன். சாமி கோழின்னு எங்க கொட்டகையில எல்லாத்தோடயும் விட்டேன்."

"இழுக்குதா?"

"டாக்டரப் பாக்கத்தான் போயிட்டிருக்கேன்."