மேசைக் காரின்ரை பித்தளைச் சட்டம்

இல்லை மாமா, அரமும் குறடும் கிடக்கிற உந்தப் பெட்டியை இப்ப வானிலை ஏத்த வேண்டாம். உங்கடை றைவரை அதோடை கொஞ்ச நேரம் வானடியிலை நிக்கச் சொல்லுங்கோ. தம்பி வரட்டும். உங்களுக்குச் சோடா வாங்கப் பரந்தன் சந்திக்குப் போட்டான். இஞ்சை முரசுமோட்டைக் கடையிலை சோடா குளிர் காணாதாம். உப்பிடியான விசயங்களிலை வீரபாகு வலு கவனம்.

மாமா எண்டு கூப்பிடலாம்தானே? அவன் உங்கடை இரஞ்சிதத்தைக் கட்டப்போறான், நான் அவன்ரை தமக்கை, முறை அப்பிடித்தானே வருகுது. பத்மாசனி எண்டு பேர். ஓம், போன முறை நீங்கள் வரேக்கை தேத்தண்ணி கொண்டந்து வைச்சது நான்தான். நீங்கள் நிமிந்து பாக்கேல்லை, அதாலை சொல்லி வைக்கிறன்.

இருங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், யன்னல் வெளிச்சத்தை மறைப்பியள். இஞ்சாலை இருங்கோ. இந்தச் சாமானை ஒருக்கால் ஒட்டி வைக்க வேணும், வெள்ளிக்கிழமை குடுக்கிறது. ஒட்டிக்கொண்டே கதைக்கலாம். ஊதேக்கை மட்டும் என்னாலை கதைக்கேலாது, குறை நினையாதேங்கோ.

இதென்னண்டோ? நீங்களே கேக்கிறியள்? இதுதான் மாமா, நீங்கள் வவுனியா முழுக்கச் சொல்லித் திரியிற சட்டம். என்ரை மருமோன்ரை கைவேலை வெளிநாட்டுக்குப் போகுது எண்டு சொன்னனீங்களாமே, அது இதுதான். உள்ளங்கையளவும் இல்லை என்ன? லொறிக்குக் கீழை கிடக்கிற சட்டம் மாதிரி ஏதோ எண்டு நினைச்சிருப்பியள். இது மேசையிலை ஓடுற கார். விளையாட்டுச் சாமான்.

குழாய்க்கிணறு தோண்ட வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் கிளிநொச்சியிலை இருக்கிறானெல்லே, குழாய்த்துரை எண்டு சனம் சொல்லுறது, அவன்ரை விசர் இது. நாப்பத்தஞ்சு வயசு மனிசன். சனம் வாளியோடை தண்ணிக்கு நிக்குது, துரை பின்னேரம் நாலு மணியெண்டால் கோட்டேசுக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டுக் கார் ஓட்டுறான். ரெண்டு கட்டிலைச் சேத்த அளவிலை ஒரு பலகை. அதிலை வளைச்சு வளைச்சு ஒரு பிளவு வெட்டிக் கிடக்கு. பிளவுக்கு ரெண்டு பக்கமும் செப்புத் தகடு, அதிலை கறண்ட் ஓடும். காருக்கு அடியிலை ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும், நாக்கு எண்டு சொல்லுறது. நாக்கு பிளவுக்குள்ளை இறங்கினால் கார் கறண்டை வாங்கிக்கொண்டு பிளவு போற பக்கம் போகும். வேறை எங்கையும் போகேலாது. சுத்திப்போட்டுத் தொடங்கின இடத்துக்கே வந்து நிக்கும். அதைப் பாத்து மனிசன் கை தட்டுறான். ஓம் மாமா, அவ்வளவுதான். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கெண்டு என்ரை முகத்தைப் பாக்கிறியள். ஒண்டுமில்லை.

வளைவிலை வேகமாய் விட்டால் கார் பறந்துபோய்ச் சுவரிலை அடிக்கும். சட்டம் உடையும், நாக்குக் கழரும், அச்சு வளையும். அவன்ரை ஊரிலையிருந்து மாத்துச் சாமான் வர மூண்டு மாசம். அந்த மூண்டு மாசமும் துரை ஒருத்தரோடையும் முகம் குடுத்துக் கதைக்கமாட்டானாம். அப்பிடி இருக்கேக்கைதான் ஒருநாள் உடைஞ்ச சட்டத்தைக் கைலேஞ்சித் துணியிலை சுத்தி, ஏதோ செத்த குருவியைக் கொண்டாற மாதிரி இஞ்சை கொண்டந்தவன். பொன்வேலை செய்யிற பத்தர் வீடு எண்டு ஆரோ காட்டி விட்டிருக்கினம். செய்து குடுத்தது அவனுக்குப் பிடிச்சுப்போய், தன்ரை ஊரிலை இருக்கிற கூட்டாளியளுக்கும் எழுதிப்போட்டான். அங்கையும் உப்பிடிக் கொஞ்சப் பேர் கூட்டம் வைச்சு ஓட்டுறவையாம். அவைக்கும் இப்ப இஞ்சையிருந்துதான் போகுது.

பித்தளை எங்காலை எண்டோ? கொழும்பிலையிருந்து வருகுதெண்டு தம்பி சொன்னவனோ? கொழும்பு! நல்லாய்ச் சொன்னான். ரேடியோவிலை இழுக்கிற ஏரியல் இருக்கெல்லே, ஒண்டுக்குள்ளை ஒண்டு போற குழாய். வெளியிலை மினுக்கம், உள்ளுக்கை பித்தளை. அச்சுச் சுழலுறதுக்கு அதைப்போலை அளவான குழாய் எந்தக் கடையிலையும் இல்லை. வேணுமான அளவை அரிஞ்சு எடுக்கிறது. இந்த ஊரிலை இப்ப ஏரியலோடை ஒரு ரேடியோ இல்லை, எல்லாரும் சைக்கிள் கம்பியைச் செருகிக்கொண்டுதான் செய்தி கேக்கினம். அச்சுக்குக் குடைக்கம்பி. பழைய கறுப்புக் குடையின்ரை கம்பிதான் திறம், இப்பத்தையக் குடையெல்லாம் வாழைநார். சட்டத்துக்குத் தகடு, ஓட்டை விழுந்த பெற்றோமக்ஸ் விளக்கின்ரை தாங்கியிலை வெட்டுறது. கறண்டை வாங்கிறதுக்கு நாக்குக்கு ரெண்டு பக்கமும் சடை மாதிரி ஒண்டு வேணும். கார் பற்றறியிலை பூட்டுற பின்னல் வயரைப் பிரிச்சு, மெல்லிசாய்த் திரும்பப் பின்னுறது. தலை பின்னிப் பழகின கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

பொறுக்கிக்கொண்டு வாறது வீரபாகுதான், அதை இல்லையெண்டு சொல்லேலாது. ஊரிலை ஆரும் என்னடாப்பா செய்யிறாய் எண்டு கேட்டால், ஆராய்ச்சி எண்டு சொல்லுறவன்.

பொறுங்கோ, ஊதப்போறன்.

...

ம். ஓடீட்டுது. பாத்தனீங்களே, வெள்ளி தண்ணி மாதிரி மூலைக்குள்ளை ஓடினதை? ஈயமில்லை மாமா. துரையின்ரை ஊரிலை ஈயத்தாலைதான் ஒட்டுறவையாம், அதுதான் அடிக்கு ஒருக்கால் கழருது. இது நகை ஒட்டுற வெள்ளிப்பொடி. ஒட்டுப் பிடிக்க வெங்காரம் தடவி, நெருப்பை ஊதுகுழலாலை ஒரு புள்ளியிலை நிப்பாட்டி ஒட்டுறது. பக்கத்து மூலையிலை முதல் ஒட்டினது இளகப்படாது, இந்த மூலை மட்டும் இளக வேணும். வெள்ளிக்கு வீட்டிலை ஒரு சோடிக் காப்புக் கிடந்தது, இப்ப ஒண்டுதான் கிடக்கு. சூடு பட்ட பித்தளை குழைஞ்சு போகும், ஆறினாப்பிறகு பொடிச் சுத்தியலாலை தட்டித் தட்டி இறுக்கியெடுக்க வேணும். கூடத் தட்டினால் வெடிக்கும். குறையத் தட்டினால் வளையும். இதைத்தான் நீங்கள் உங்கடை வவுனியாப் பட்டறையிலை லேத்துக்குப் பக்கத்திலை மேசை போட்டு, நூறு நூறாய் இறக்கலாம் எண்டு கணக்குப் போட்டிருக்கிறியள். லேத் இரும்பை உருட்டிக் கடையும் மாமா. இது உருட்டுற சாமானில்லை.

உதிலை என்ன கீறிக் கிடக்கெண்டோ? மாங்காய். பழக்கதோசம். முதல் செய்த சட்டத்திலை, மினுக்கி முடிய, கை தன்ரை பாட்டிலை ஒரு மாங்காயை வெட்டிப்போட்டுது, பதக்கத்துக்கு வெட்டுற மாதிரி. துரை இதென்னண்டு கேக்க, வீரபாகு முழுசாமல் சொன்னான், கண்ணூறு படாமலிருக்க எங்கடை சமயத்திலை போடுறதாம். துரை அதை நம்பிப்போட்டான். அவன்ரை கூட்டாளியளுக்கும் இப்ப மாங்காய் இல்லாட்டிச் சட்டம் வேண்டாமாம், மாங்காய் கிடந்தால் கார் வளைவிலை பறக்காதாம். படிச்ச மனிசர்!

தம்பி ஆரிட்டைப் பழகினவன் எண்டோ கேக்கிறியள்?

மாமா, குறை நினையாதேங்கோ, நான் ஒண்டு கேக்கிறன். போன முறை நீங்கள் அவன்ரை கையைப் பிடிச்சுப் பாத்திட்டு, இதெல்லோ வித்துவான்ரை கை எண்டனீங்கள். நான் குசினிக்குள்ளை நிண்டனான். சிரிப்பிலை தேத்தண்ணியைச் சிந்திப்போட்டன். நீங்களும் எங்களைப்போலை பொன்வேலை ஆக்கள்தானே, உங்கடை தேப்பன்ரை காலத்திலைதானே உலையை விட்டிட்டு லேத்துக்குப் போனியள். உலையிலை இருக்கிற கை எப்பிடி இருக்கும் எண்டு அதுக்கிடையிலை மறந்துபோச்சோ? அவன்ரை பெருவிரலிலை ஒரு சூட்டுத் தழும்பு இருந்ததே? நகத்துக்குள்ளை கரி இருந்ததே? வெள்ளரிப்பிஞ்சு மாதிரி விரல். அதைத் தடவிப் பாத்திட்டு வித்துவானாம்.

மாசி மாசம் எனக்குக் காய்ச்சல், பத்து நாள் பாய். துரை அவதிப்படுத்தினான் எண்டு தம்பி தானே இருந்து ஒண்டு செய்தவன். நான் படுத்த பாயிலையிருந்து பாத்தனான். ஈயத்தைக் குவிச்சு வைச்சிருந்தான், கோழி எச்சம் மாதிரி. முதலாவது வளைவிலையே முன்பக்கம் தனிய, பின்பக்கம் தனிய. இந்த முறை பித்தளை கூடாது துரை எண்டு சொல்லிப்போட்டு வந்து சோறு கேட்டான்.

ஓம். நான்தான்.

என்ன மாமா, இவ்வளவு நேரமும் உங்களுக்கு முன்னாலை இருந்து ஊதுறன், அடுப்பூதுறாள் எண்டே நினைச்சனீங்கள்? இந்தாங்கோ, இந்தக் கையைப் பாருங்கோ. இல்லை, பிடிக்க வேண்டாம், பாத்தால் காணும்.

ஏன் சொல்லேல்லை எண்டோ? ஆரிட்டைச் சொல்லுறது? கட்டாத பொம்பிளை உலையிலை இருந்தால் அந்த நகை துலங்காது எண்டு சொல்லுறது உங்கடை வீடுகளிலைதானே. எழுபத்தேழிலை அப்பா செத்தாப்பிறகு நாங்கள் என்னத்தைத் தின்னுறது? முன்னுக்கு அவன் இருந்து கதைப்பான், பின்னுக்கு நான் இருந்து செய்வன். பேர் அவனுக்கு, பெட்டி எனக்கு. நாலு வருசமாய் ஒரு சண்டையில்லை. இப்ப நீங்கள் பேரைக் கொண்டுபோக வந்தனீங்கள், கையோடை பெட்டியையும் ஏத்தப் பாக்கிறியள். பெட்டி போனால் நான் இந்த வீட்டிலை என்ன, கோழிக்குத் தவிடு குழைச்சுக்கொண்டு இருக்கிறதோ? அங்கை மூண்டாம் நாள் உங்கடை லேத்துக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்சிடும், இவர் அரத்தை எந்தப் பக்கம் பிடிக்கிறவர் எண்டு.

அவன் ஒத்துக்கொண்டவன்தானே எண்டோ? ஒத்துக்கொள்ளுவான். அவன் எதுக்குத்தான் மாட்டன் எண்டவன்? பரந்தனுக்கு மூண்டு மைல். போய் எவ்வளவு நேரம்? நீங்கள் ஏத்தி முடியுமட்டும் வரமாட்டான் மாமா. அந்த மதகடியிலை சைக்கிளைச் சாத்திப்போட்டு நிப்பான். சோடா இந்நேரம் கொதிச்சிருக்கும்.

ஐயோ, எழும்பாதேங்கோ. கலியாணத்தைக் குழப்பவே நான் கதைக்கிறன்? இரஞ்சிதத்துக்கு அவன் நல்ல மாப்பிள்ளை. குடியில்லை, கை நீட்டமாட்டான், கடைக்குப் போகச் சொன்னால் போவான். லேத்தடியிலை ஒரு கதிரையைப் போட்டு இருத்துங்கோ, வாற ஆக்களோடை கதைப்பான். கதைக்கவும் ஒரு ஆள் வேணும்தானே. அவனைத் தாராளமாய் ஏத்திக்கொண்டு போங்கோ.

ஏமாத்துக்காரரோ? நாங்களோ? சரி, அப்பிடியே சொல்லுங்கோ. ஊர் கூட்டியும் சொல்லுங்கோ. ஆனால் வடிவாய் யோசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. மாப்பிள்ளை தன்ரை கையாலையே தாலி செய்து கட்டப்போறான் எண்டு நீங்கள் எல்லாருக்கும் சொல்லி முடிஞ்சுது. வாற புதன் தாலிக்குப் பொன்னுருக்கு. பொன்னை உருக்கேக்கை பத்துப் பேருக்கு முன்னாலை கொள்ளியைத் தள்ளிக்கொண்டு இருக்க அவனுக்கு ஏலும், அதைப் பழக்கி வைச்சிருக்கிறன். அதுக்குப் பிறகு?

முந்தின வருசம் உங்கடை மூத்தவ விமலேஸ்வரிக்கும் அப்பிடித்தானே நடந்தது. சம்பந்தி வீட்டிலை பொன்னுருக்கு வைச்சு, தேங்காய் உடைச்சு, வெத்திலை வாங்கினது வீரபாகு. வீட்டை வந்து, உருகின பொன்னை மடியிலையிருந்து எடுத்து, இந்தா உந்த மேசையிலைதான் வைச்சவன். வைச்சிட்டுக் குளிக்கப் போட்டான். அஞ்சு நாள் நான் உலையடியை விட்டு எழும்பேல்லை. செய்து முடிஞ்ச தாலிக்கொடியைக் கையிலை வாங்கி நீங்கள் ஆரிட்டையோ சொன்னனீங்களாம், ஆம்பிளைக் கையிலை செய்த வேலை இதெல்லோ எண்டு.

இல்லை மாமா, வேர்க்காதேங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். அந்தப் பிள்ளை கழுத்திலை போட்டுக்கொண்டு பிள்ளையும் பெத்திட்டுது, துலங்கித்தானே இருக்கு. ஓம், றைவரைக் கூப்பிடுங்கோ. பெட்டியைத் திரும்ப உள்ளுக்கை கொண்டாறச் சொல்லுங்கோ, அரமும் குறடும் ஒண்டோடை ஒண்டு அடிபடாமல் மெல்லமாய், சரிச்சுத் தூக்க வேண்டாம். உந்த மூலையிலை வைக்கட்டும்.

மாமா, ஒண்டு சொல்ல மறந்துபோனன். விமலேஸ்வரியின்ரை கொடியிலை, பிடரிப் பக்கம், கொழுக்கியிலையிருந்து மூண்டாவது கண்ணி. அதை ஒட்டேக்கை வெங்காரம் முடிஞ்சு போச்சு, ஒட்டு கொஞ்சம் மட்டாய்த்தான் பிடிச்சது. கிணத்தடியிலை குளிக்கேக்கை கவனமாய் இருக்கச் சொல்லுங்கோ. பொன்னுருக்குக்கு வருவாதானே, வந்தால் இதிலை ஒரு அஞ்சு நிமிசம் இருக்கட்டும், கழட்டத் தேவையில்லை, நான் இறுக்கி விடுறன்.